ஹுஸ் எரிந்தார், லூதர் பிழைத்தார்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். உலக வரலாற்றில் சமூகங்களைப் பெரிதும் செதுக்கியது மதமா, அரசியலா என்பது தலைப்பு. அரசியலே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழர் மார்ட்டின் லூதரைச் சொன்னார். 1517இல் பாவமன்னிப்புச் சீட்டு விற்பதை எதிர்த்து ஒரு துறவி எழுதிய 95 கருத்துரைகள் ஐரோப்பாவையே புரட்டிப் போட்டனவே, அது மதத்தின் வலிமை இல்லையா என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் அதற்கு நூறு வருடம் முன்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

இன்றைய செக் நாட்டில் இருக்கும் பொஹீமியாவில் யான் ஹுஸ் என்று ஒரு பாதிரியார் இருந்தார். காசு கொடுத்தால் பாவத்துக்கான தண்டனை குறையும் என்று திருச்சபை விற்ற பாவமன்னிப்புச் சீட்டை அவரும் எதிர்த்தார். திருச்சபைத் தலைமையை அவரும் வேதத்தை வைத்தே கேள்வி கேட்டார். பத்திரமாக வந்து போகலாம் என்று சிகிஸ்மண்ட் அரசர் கொடுத்த வாக்கை நம்பி கான்ஸ்டன்ஸ் நகரத்துக்குப் போனார். வாக்கு நிற்கவில்லை. 1415 ஜூலையில் அவரை உயிரோடு எரித்தார்கள்.

1521இல் லூதரையும் அப்படித்தான் வோர்ம்ஸ் நகரத்துக்கு விசாரணைக்கு அழைத்தார்கள். ஆனால் திரும்பும் வழியில், சாக்சனி ஆட்சியாளர் பிரெடரிக்கின் ஆட்கள் கடத்துவதுபோல அவரைத் தூக்கிப் போய் வார்ட்பர்க் கோட்டையில் ஒளித்து வைத்தார்கள். ஜெர்மன் நாடுகளுக்கெல்லாம் மேலே இருந்த பேரரசர் ஐந்தாம் சார்லஸ் அவருக்குத் தடை விதித்தபோது லூதர் கோட்டைக்குள் இருந்தார். அங்கே இருந்துதான் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். இருவர் நெஞ்சிலும் எரிந்தது ஒரே தீ. ஒருவருக்குக் கோட்டை கிடைத்தது, இன்னொருவருக்குக் கிடைக்கவில்லை.

சரி, இங்கிலாந்துக்கு வருவோம். லூதரைக் கண்டித்து நூல் எழுதி, போப்பிடம் 'விசுவாசத்தின் காவலர்' என்று பட்டம் வாங்கியவர் அந்நாட்டு அரசர் எட்டாம் ஹென்றி. அவர் மனைவி கேத்தரினை விலக்க அனுமதி கேட்டார். போப்பால் கொடுக்க முடியவில்லை. ஏன்? 1527இல் ரோம் நகரைச் சூறையாடியது ஐந்தாம் சார்லஸின் படை. போப் அந்த சார்லஸுக்குப் பயந்து இருந்தார். கேத்தரினோ அந்த சார்லஸுக்குச் சித்தி! 1534இல் ஹென்றியே திருச்சபைக்குத் தலைவர் என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 1540க்குள் ஏறக்குறைய 800 மடங்கள் மூடப்பட்டன. ஏழைக்குச் சோறும் வழிப்போக்கனுக்குப் படுக்கையும் கொடுத்த இடங்கள் அவை.

நடுவர் அவர்களே, 1525இல் அங்கே ஒரு கிராமத்தில் பிறந்த பெண்ணை நினைத்துப் பாருங்கள். ஒன்பது வயதில் அவளுடைய கோயிலுக்குத் தலைவர் போப் இல்லை, ராஜா. இருபத்திரண்டு வயதில் ஹென்றியின் மகன் எட்வர்டு அரியணைக்கு வந்தார். லத்தீன் வழிபாடு போய் ஆங்கிலம் வந்தது, சிலைகள் உடைந்தன. இருபத்தெட்டு வயதில் ஹென்றியின் மகள் மேரி வந்தார். பூசையும் போப்பும் திரும்பினார்கள், மறுத்தவர்களில் சுமார் 280 பேர் எரிக்கப்பட்டார்கள். முப்பத்து நான்கு வயதில், மேரிக்குப் பின் வந்த தங்கை எலிசபெத்தின் சட்டம். ஞாயிறு வழிபாட்டுக்கு வராவிட்டால் 12 பென்ஸ் அபராதம். இத்தனைக்கும் அவள் அதே ஊரில், அதே கோயிலில்தான் நிற்கிறாள். யாராவது அவளை ஒரு வார்த்தை கேட்டார்களா?

தீயில் நின்ற அந்த 280 பேரின் நம்பிக்கையை நான் துளியும் குறைத்துப் பேச மாட்டேன். அவர்களை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. ஆனால் ஊர் எப்படிக் கும்பிட வேண்டும் என்பதை அவர்களால் தீர்மானிக்க முடியவில்லை. அரியணை தீர்மானித்தது.

ஜெர்மனியில் இதை ஒளிவுமறைவு இல்லாமல் எழுதியே வைத்தார்கள். 1555இல் ஆக்ஸ்பர்க் உடன்படிக்கை: ஆள்பவர் போப்பை ஏற்கும் கத்தோலிக்கரா, லூதர் வழி நடக்கும் லூதரனா, அதுவே அந்த மண்ணின் மதம். பிடிக்காதவர் சொத்தை விற்றுவிட்டு வெளியேறலாம்.

அப்புறம் 1618இல் தொடங்கிய முப்பதாண்டுப் போர். அதை மதப்போர் என்று எதிரணி சொல்லும். ஆனால் 1631இல், போப்பை விட்டுப் பிரிந்த புராட்டஸ்டன்ட் பக்கம் நின்ற ஸ்வீடனின் படைக்குப் பணம் கொடுத்தது கத்தோலிக்க பிரான்ஸ். எதிரே நின்ற அன்றைய ஜெர்மன் பேரரசரும் கத்தோலிக்கர். பணம் கொடுக்க வைத்த பிரான்ஸின் முதன்மை அமைச்சர் ரிஷலியூ ஒரு கார்டினல், போப்புக்கு அடுத்த படியில் இருந்தவர். அவர் எந்த மதத்துக்காக அந்தப் பணத்தைக் கொடுத்தார்? எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.