யவீரு ஆசாரியரா? ஜெப ஆலயத் தலைவர் பற்றி ஒரு கேள்வி

சரி, அடுத்த கேள்வி. இயேசு உயிரோடு எழுப்பின சிறுமி, ஜெப ஆலயத் தலைவன் யவீருவின் மகளைப் பற்றிப் போன முறை பேசினோம் அல்லவா? அதைக் கேட்டுவிட்டு ஒரு சகோதரி, "ஐயா, ஜெப ஆலயத் தலைவன் என்றால் ஆசாரியரா? அங்கே பிரசங்கம் பண்ணுகிறவர் அவர்தானா?" என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி அம்மா. இரண்டு நாளாக இதே நினைவுதான் எனக்கு.

நான் அடிக்கடி சொல்வதுதான்: தேவாலயம் வேறு, ஜெப ஆலயம் வேறு. யூதர்களின் தேவாலயம் எருசலேமில் இருந்தது. அங்கே பலி உண்டு, பலியிட ஆரோன் வம்சத்து ஆசாரியர் வேண்டும். ஜெப ஆலயமோ ஊருக்கு ஊர் உண்டு. அங்கே வேதத்தை வாசிப்பார்கள், விளக்குவார்கள், ஜெபிப்பார்கள். அதற்கு ஆசாரியர் தேவையில்லை.

ஆசாரியர் தலைவராக இருக்கக் கூடாது என்றும் இல்லை. 1913-ல் எருசலேமில் ஒரு கிரேக்கக் கல்வெட்டு கிடைத்தது. தெயொதோத்து என்பவர் ஆசாரியர், ஜெப ஆலயத் தலைவர். அவருடைய அப்பாவும் தாத்தாவும்கூடத் தலைவர்கள். வேதம் வாசிக்க ஓர் ஆலயம், வெளியூர்க்காரர் தங்க அறைகள், தண்ணீர் வசதி எல்லாம் கட்டினேன் என்று அதில் எழுதி வைத்திருக்கிறார். பாருங்கள், தண்ணீர் வரைக்கும் அவர் பொறுப்பு! யார் வாசிப்பது, யார் பேசுவது என்று ஒழுங்கு பண்ணுவதும் தலைவர்தான். பிரசங்க பீடம் அவருடைய சொந்தச் சொத்து அல்ல.

அவருக்குக் கீழே பணிவிடைக்காரர், எபிரெயத்தில் ஹஸ்ஸான். நம்ம கோயில்பிள்ளை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேதச் சுருளை எடுத்துக் கொடுப்பார், திரும்ப வாங்கி வைப்பார். ஓய்வுநாள் பிறக்கும் முன் கூரைமேல் ஏறி எக்காளம் ஊதுவதும் அவர்தான்.

எனக்கென்றால் இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது: பவுல் எப்படிப் போன ஊரிலெல்லாம் ஜெப ஆலயத்தில் பேசினார்? இதனால்தான்! அப்போஸ்தலர் 13-ல், பிசீதியா நாட்டு அந்தியோகியா ஊரில் வாசிப்பு முடிந்ததும் தலைவர்களே பவுலிடம் ஆள் அனுப்பி, ஜனங்களுக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்கிறார்கள். வந்த விருந்தாளிக்கு அந்த இடம்! தலைவர் வேறு, பேசுகிறவர் வேறு. மறந்துவிடாதீர்கள்.

நாசரேத்திலும் அப்படித்தான். லூக்கா 4-ஐ மெதுவாக வாசியுங்கள். இயேசு எழுந்து நின்று வாசிக்கிறார். சுருளைச் சுருட்டுகிறார், பணிவிடைக்காரரிடம் கொடுக்கிறார், உட்காருகிறார். உட்கார்ந்ததும் முடிந்துவிட்டது என்று நாம் நினைப்போம். அங்கே உட்கார்ந்துதான் போதிப்பார்கள். அதனால்தான் எல்லாருடைய கண்ணும் அவர்மேலேயே இருந்தது.