கீழே கையெழுத்து யாருடையது?

எல்லோருக்கும் வணக்கம். வாசகர் வட்டத்தில் சட்டம் பற்றிப் பேசினால் டீ வந்ததும் பாதிப் பேர் நைசாகக் கிளம்பிவிடுவார்கள் என்று தெரியும். அதனால் பிரிவு, உட்பிரிவு என்று ஆரம்பிக்காமல் ஒரு சனிக்கிழமையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

2020 ஏப்ரல் 25. முந்தைய நாள்தான் அறிவிப்பு வந்திருந்தது: 26-ஆம் தேதியிலிருந்து சென்னை, கோவை, மதுரையில் நான்கு நாள், சேலம், திருப்பூரில் மூன்று நாள் முழு ஊரடங்கு. மளிகைக் கடைகூடத் திறக்காது. நோக்கம் என்ன? கூட்டம் சேரக் கூடாது. நடந்தது என்ன? அந்தச் சனிக்கிழமை காலையில் சந்தைகளிலும் கடைகளிலும் அந்த மாதத்திலேயே காணாத கூட்டம். நான்கு நாளைக்கான காய்கறியை ஒரே காலையில் வாங்க ஊரே இறங்கியது. கூட்டத்தைத் தடுக்கப் போட்ட உத்தரவே கூட்டத்தைக் கூட்டிவிட்டது.

இதை முன்கூட்டியே சொல்லியிருக்கக்கூடிய ஆட்கள் ஒவ்வொரு தெருவிலும் இருந்தார்கள். மளிகைக் கடைக்காரருக்குத் தெரியும். தினக்கூலி வாங்கி அன்றைக்கே அரிசி வாங்கும் வீட்டுக்குத் தெரியும். அவர்கள் சொல்வதைக் கேட்டு மேலே கொண்டுபோக ஒரு கவுன்சிலர் இருந்திருக்க வேண்டும். இல்லை. இருந்தும் சும்மா இருந்தார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆளே இல்லை.

இது பலருக்கு மறந்துபோன விஷயம். தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19. நடுவில் ஐந்து வருடத்துக்கும் மேல், தனி அலுவலர் ஆட்சி. கொரோனாவின் முதல் அலை, இரண்டாம் அலை, மூன்றாம் அலையின் உச்சம், எல்லாம் இந்த இடைவெளிக்குள் வந்து போயின. நம் நகரங்கள் எதிலும் ஒரு வார்டுக்குக்கூடத் தேர்ந்தெடுத்த உறுப்பினர் கிடையாது. உள்ளாட்சியின் பெயரில் நோட்டீஸ் வந்தது, அபராதம் வந்தது, தெருவை அடைக்கத் தகரம் வந்தது. கீழே கையெழுத்து மட்டும் நாம் ஓட்டுப் போடாத ஒருவருடையது.

அந்த அதிகாரிகளைக் குறை சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. பலர் தூங்காமல் வேலை பார்த்தார்கள், சிலர் உயிரையும் கொடுத்தார்கள். கோயம்பேடு சந்தையைச் சீக்கிரம் வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று அதிகாரிகள் சொன்னபோது வியாபாரிகள்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மே 5-ஆம் தேதி சந்தையை மூடும்போது அங்கிருந்து ஊர் திரும்பியவர்களோடு நோய் பல மாவட்டங்களுக்குப் போய்விட்டது. என் கேள்வி வேறு. ஒரு நெருக்கடி கால உத்தரவு எந்தச் சட்டத்திலிருந்து வருகிறது, யாரிடம் பதில் கேட்பது?

முதலில் 1897-க்குப் போவோம். பம்பாயில் 1896-இல் பிளேக் வந்தது. அடுத்த பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டார்கள். மொத்தமே நான்கு பிரிவு. நோய் பரவினால் அரசு தேவையான எந்த ஒழுங்குமுறையும் போடலாம், மீறினால் தண்டனை, நல்லெண்ணத்தோடு செய்த அதிகாரி மேல் வழக்குப் போட முடியாது. எத்தனை நாளைக்கு, யாரைக் கலந்துகொண்டு என்ற பேச்சே கிடையாது. புனேயில் சிப்பாய்கள் வீடு வீடாக நுழைந்து நோயாளியைத் தேடினார்கள். அங்கே பிளேக் குழுவுக்குத் தலைவராக இருந்த ராண்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரியை அந்த ஜூன் 22-ஆம் தேதி இரவு சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். அதையொட்டித் திலகர் மேல் ராஜதுரோக வழக்கு, 18 மாதச் சிறை. ஒரு சுகாதார உத்தரவு எங்கே ஆரம்பித்து எங்கே போய் முடிந்தது பாருங்கள்.

நம் சென்னை மாகாணத்தில் அந்தக் காலத்தில் பிளேக் பாஸ்போர்ட் என்று ஒன்று இருந்தது. நோய் உள்ள ஊரிலிருந்து வருகிறவர் அதை வைத்துக்கொண்டு, போன ஊரில் அதிகாரி முன்னால் ஆஜராக வேண்டும். இ-பாஸ் ஞாபகம் வருகிறதா? 2020-இல் கல்யாணம், சாவு, வைத்தியம் என்று காரணம் காட்டி விண்ணப்பித்து, நிராகரித்து, மறுபடி விண்ணப்பித்து அலைந்தோம். ஆகஸ்ட் 17-இலிருந்து கேட்ட எல்லோருக்கும் உடனே கிடைக்கும் என்றார்கள். எல்லோருக்கும் கிடைக்கிற பாஸ் எதற்கு என்று நாமும் கேட்கவில்லை. கிடைத்ததே போதும் என்று ஊருக்குக் கிளம்பிவிட்டோம்.

சரி, இரண்டாவது சட்டம். 2004 சுனாமிக்கு அப்புறம் வந்த பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005. தேசிய ஊரடங்கு இதன் கீழ்தான் வந்தது. இதில் 25-ஆவது பிரிவை யாராவது படித்திருக்கிறீர்களா? மாவட்டப் பேரிடர் ஆணையத்துக்குக் கலெக்டர் தலைவர். உள்ளாட்சியின் தேர்ந்தெடுத்த பிரதிநிதி இணைத் தலைவர். இணைத் தலைவர்! சட்டமே நாற்காலி போட்டு வைத்திருக்கிறது. நான் வழக்குக் கட்டுகளுக்காகப் படித்த அந்தக் கால மாவட்ட உத்தரவுகள் எதிலும் அந்த இணைத் தலைவரின் பெயரைப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிக்கு 2019 டிசம்பரில் தேர்தல் முடிந்து, ஜனவரியில் பதவியேற்று, ஆட்கள் தயாராக இருந்தார்கள்.

மூன்றாவது, எல்லோருக்கும் பழக்கமான 144. ஊரடங்கு என்றாலே நம் வாயில் வருவது இந்த எண்தான். இப்போது புதிய சட்டத்தில் 163 ஆகிவிட்டது, ஆனால் நம் நாக்கு மாற இன்னும் இருபது வருடமாவது ஆகும். இரண்டு மாதத்துக்கு மேல் செல்லாது, மாநில அரசு வேண்டுமானால் இன்னும் ஆறு மாதம்வரை நீட்டலாம். ஊரடங்குக்கு இரண்டரை மாதம் முன்னால், 2020 ஜனவரி 10-ஆம் தேதி, அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றித் தெளிவாகச் சொன்னது: உத்தரவை வெளியிட வேண்டும், காரணம் எழுத வேண்டும், தேவைக்கு மேல் கடுமை கூடாது, திரும்பத் திரும்ப அதையே போட்டுக்கொண்டிருக்கக் கூடாது. அது காஷ்மீர் இணைய முடக்கத்துக்காகச் சொன்னதுதான். ஆனால் மாவட்ட நிர்வாகம் போடும் எந்தத் தடை உத்தரவையும் இந்த உரைகல்லில் உரசிப் பார்க்கலாம்.

மீறினால் என்ன? பழைய தண்டனைச் சட்டத்தின் 188. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. உத்தரவு போட்ட அதிகாரியோ அவருக்கு மேலதிகாரியோ எழுத்து மூலம் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் இந்த வழக்கை எடுக்க முடியும். போலீஸ் எஃப்.ஐ.ஆர். மட்டும் போதாது. ஆனால் போட்டது எத்தனை? 2021 பிப்ரவரியில், தேர்தலுக்கு முன்னால், ஊரடங்கு வழக்குகளைக் கைவிடுவதாக முதலமைச்சர் அறிவித்தபோது சொன்ன எண்ணிக்கை சுமார் 10 லட்சம். நல்லதுதான், விட்டார்கள். அதற்குள் எத்தனை பைக் ஸ்டேஷன் வாசலில் மழையில் நனைந்தது, எத்தனை பேர் பாதி நாள் கூலியை விட்டு அங்கே உட்கார்ந்தார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை.

சாத்தான்குளத்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சை நகர்த்த முடியாது. 2020 ஜூன் 19. செல்போன் கடையை அனுமதித்த நேரத்துக்கு மேல் திறந்து வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அப்பாவையும் மகனையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. நான்கு நாளைக்குள் இருவரும் உயிரோடு இல்லை. 188-இல் அதிகபட்சத் தண்டனையே ஆறு மாதச் சிறை, அல்லது 1000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

இதைச் சொல்லிவிட்டு உடனே அடுத்த விஷயத்துக்குப் போவது கஷ்டமாக இருக்கிறது. கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

வேறு மாதிரியும் செய்தார்கள். ஒடிசாவில் 2020 ஏப்ரலில் கிராமப் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கு அவரவர் எல்லைக்குள் கலெக்டரின் அதிகாரத்தையே கொடுத்தார்கள். வெளியூரிலிருந்து திரும்புகிறவர்களின் பெயரைப் பதிவது, தனிமைப்படுத்தும் மையம் நடத்துவது எல்லாம் பஞ்சாயத்தின் பொறுப்பு. தனிமைக் காலத்தை முழுதாக முடித்தவருக்கு 2000 ரூபாய் கையில். இதில் சண்டை வரவில்லை, எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் திட்டுவதற்காவது ஊருக்குள் ஒரு ஆள் இருந்தார். கேரளத்தில் வார்டு உறுப்பினர் தலைமையில் குழு போட்டார்கள். யார் வீட்டில் வயதானவர் தனியாக இருக்கிறார், யாருக்கு மருந்து தீர்ந்துவிட்டது என்பது அந்த உறுப்பினருக்கு மனப்பாடம். அடுத்த தேர்தலில் அதே வீட்டுக்குப் போய் நிற்க வேண்டுமே!

நம் ஊரில் நடந்ததை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பஞ்சாயத்துத் தலைவர்கள் பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டிருந்தார்கள். அந்த வருடம் ஆகஸ்ட் 15 கிராம சபை ரத்து. அக்டோபர் 2 கிராம சபையும் கடைசி நேரத்தில் ரத்து. காரணம் கொரோனா. அதற்கு முன்பே, செப்டம்பரிலேயே பேருந்து, ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. மே மாதத்திலேயே டாஸ்மாக் திறந்து, உயர் நீதிமன்றம் மூடச் சொல்லி, உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டு மறுபடியும் திறந்திருந்தது. ஊர் மக்கள் திறந்த வெளியில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து பேசுவது மட்டும் ஆபத்தாகத் தெரிந்தது. உத்தரவைக் கேள்வி கேட்கக்கூடிய ஒரே கூட்டத்தை உத்தரவாலேயே நிறுத்தினார்கள். இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

அரசுக்கு அவசர அதிகாரமே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தொற்று நோய் மசோதா விவாதம் முடியும்வரை காத்திருக்காது. 1939-இலேயே பொதுச் சுகாதாரச் சட்டம் கொண்டுவந்த மாகாணம் நம்முடையது. முகக்கவசம் போடாவிட்டால் 200 ரூபாய், பொது இடத்தில் துப்பினால் 500 என்று 2020 செப்டம்பரில் வந்ததே, அது அந்தச் சட்டத்தில் செய்த திருத்தம்தான். அது எனக்குச் சரியாகவே பட்டது. தொகை எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும், ரசீது கேட்கலாம், லத்திக்கு அங்கே வேலை இல்லை. தகரம் அடிப்பது அப்படி இல்லை. பெங்களூரில் ஒரு அடுக்ககத்தில் வீட்டு வாசலிலேயே தகரத்தை அடித்துவிட்டு, மாநகராட்சி ஆணையர் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டும் விஷயத்தில், உரிய அதிகாரி பேரிடர் சட்டத்தின் கீழ் குறிப்பாக உத்தரவிடாமல் ஒட்டக் கூடாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குள் ஒட்டி, தெரு முழுக்கப் படித்து, பாதி கிழிந்தும் போயிருந்தது.

முடிக்கச் சொல்லிச் சீட்டு வந்துவிட்டது. ஒரே ஒரு தகவல். 2019 டிசம்பரில் அந்த 27 மாவட்டங்களில் தேர்தல் நடந்தது என்றேன் அல்லவா? அந்தப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்குள் அடுத்த தேர்தலை நடத்தவில்லை. தனி அலுவலர்களைப் போட்டார்கள். கேள்வி இருந்தால் கேளுங்கள், மைக்கை அந்தப் பக்கம் கொடுக்கச் சொல்கிறேன்.