உழைக்க நேரம் கிடைத்தவர்கள்

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நம் கொங்குச் சீமையில் ஒருவரை மனதாரப் பாராட்டுவதென்றால் "பாடுபட்டு மேல வந்தவருங்க" என்போம். ஒரு பிள்ளைக்கு ஐஐடியிலோ அரசு மருத்துவக் கல்லூரியிலோ இடம் கிடைத்தாலும் அதே பேச்சுதான். பேச்சில் பொய் இல்லை. நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் விடியுமுன்னே கண்ணைக் கசக்கிக்கொண்டு புத்தகத்தோடு உட்காரும் பிள்ளைகளைப் பார்த்தவர்கள், இவர்களுக்குச் சீட்டு சும்மா வந்தது என்று சொல்லமாட்டார்கள்.

ஆனால் அப்படி உழைப்பதற்கே வசதி வேண்டியிருக்கிறது. திருப்பூரில் பவர்டேபிளில், அதாவது பனியன் கம்பெனித் தையல் மெஷினில், ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் அம்மா வீடு திரும்ப ராத்திரி ஒன்பது ஆகிவிடும். அதுவரை சோறாக்குவது, தண்ணீர் பிடிப்பது, தம்பியைப் பார்த்துக்கொள்வது எல்லாம் பிளஸ் டூ படிக்கும் மகள்தான். லீவு நாளில் அவளும் பனியனுக்குப் பிசிறு வெட்டப் போகிறாள். அதுவும் உழைப்புதான். நீட்டில் அதற்கு மார்க் கிடையாது.

ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020இல் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் ஒதுக்கினார்கள். அடுத்த வருஷம் பொறியியலுக்கும் வந்தது. "கம்மி மார்க்குக்குச் சீட்டா?" என்று டீக்கடையில் கோபப்பட்டவர்கள் உண்டு. சரி, அமெரிக்காவைப் பாருங்கள். ஹார்வர்டில் பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்குச் சேர்க்கையில் தனிச் சலுகை. 2023 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இனம் பார்த்து இடம் கொடுப்பது செல்லாது என்றது. அப்பா படித்த காலேஜ் என்கிற சலுகைமேல் அந்தத் தீர்ப்பு கை வைக்கவில்லை.

நம் ஐஐடியில் அப்பா பெயரைச் சொல்லி நுழைய முடியாது. இங்கே சலுகை வேறு வழியில் வருகிறது. நீட்டை எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. முதல் தடவை விட்டால், மறுபடி எழுதுகிறவர்களுக்கென்று கோச்சிங் சென்டரில் ரிப்பீட்டர் பேட்ச். ஒரு வருஷம் முழுக்கப் பிள்ளையிடம் சம்பாத்தியம் எதிர்பார்க்காமல், ஃபீஸும் ஹாஸ்டலும் கட்டி உட்கார வைக்கிற வீட்டுக்குத்தான் அந்த இரண்டாவது தடவை. பிசிறு வெட்டும் பெண் முதல் தடவை தவறவிட்டால், அடுத்த திங்கட்கிழமையே கம்பெனி வேன் வாசலில் நிற்கும்.

அப்புறம், ரிசல்ட் வந்ததும் கோச்சிங் சென்டர்காரர்கள் ஊரெங்கும் ஃப்ளெக்ஸ் வைக்கிறார்களே, மார்க்குக்குப் பக்கத்தில் இது எத்தனையாவது தடவை என்றும் போடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். போடமாட்டார்கள், அட்மிஷன் நேரமல்லவா.