உங்கள் ரிம் எத்தனை இன்ச் அகலம்?

வணக்கம் மக்களே. காலை ஆறரை மணி ஆகிறது. பெங்களூரு அல்சூர் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுகிறேன். இன்னும் அரை மணி நேரத்தில் இங்கே ஹார்ன் சத்தம்தான் கேட்கும், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

கேமராவைக் கீழே இறக்குகிறேன், இந்த டயரைப் பாருங்கள். நடைபாதையில் சாய்த்து வைத்திருக்கிறேனே, இது. போன மாதம் வரை என் காரில் ஓடியது. நடுவில் பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டங்கள், எப்படித் தேய்ந்திருக்கிறது பாருங்கள். இப்போது இரண்டு ஓரத்தையும் பாருங்கள். நேற்று வாங்கிய மாதிரி இருக்கிறது. காற்று அதிகம் வைத்து ஓட்டியிருப்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை. கதவைத் திறந்தால் ஓட்டுநர் பக்கத் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் என்ன காற்று போட்டிருக்கிறதோ அதைத்தான் பதினைந்து நாளுக்கு ஒருமுறை சரிபார்த்து வந்தேன். பிரச்சினை காற்றில் இல்லை. டயரிலும் இல்லை. இந்த டயர் உட்கார்ந்திருக்கும் இரும்பில், அதாவது ரிம்மில் இருந்தது.

என் கார் சாதாரண ஹேட்ச்பேக். கம்பெனியில் இருந்து வந்தது 185/65 R15 டயர். ரிம் 15 இன்ச் விட்டம், 5 இன்ச் அகலம். பழைய டயர் தேய்ந்ததும் ஒரு கடைக்குப் போனேன். "205 போட்டுக்கோங்க சார், ரோட்டை அப்படியே பிடிக்கும், பார்க்கவும் வண்டி கம்பீரமா இருக்கும்" என்றார்கள். அதே ரிம்மில் 205/65 R15 ஏற்றிவிட்டார்கள். ரிம் அகலம் எவ்வளவு என்று அவர்களும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. 15 இன்ச் ரிம்முக்கு 15 இன்ச் டயர் உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான் எங்கள் இரண்டு தரப்புக்கும் தெரிந்த கணக்கு.

பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முதல் வாரமே ஓசூர் ரோடு மேம்பாலத்தில் லேன் மாறும்போது ஏதோ சரியில்லை என்று தோன்றியது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டி உடனே வரவில்லை. ஒரு கணம் யோசித்துவிட்டு, அப்புறம் மொத்தமாகச் சாய்ந்து வந்தது. பத்து வருடமாக ஓட்டும் கைக்கு அது தெரியாமல் போகாது. அலைன்மென்ட் என்று நினைத்து அதைச் செய்தேன். பேலன்சிங் செய்தேன். சஸ்பென்ஷன் புஷ் கூட மாற்றினேன். எதிலும் தீரவில்லை.

கடைசியில் லிங்கராஜபுரத்தில் அலைன்மென்ட் பார்க்கும் ஒரு பெரியவர்தான் சொன்னார். வண்டியை மெஷினில் ஏற்றவே இல்லை. பின்னால் நின்று, குனிந்து, டயரின் வயிற்றைப் பார்த்தார். "தம்பி, டயர் நல்ல டயர்தான். ரிம்மு இதுக்குச் சின்னது" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு அவர் என்னிடம் காசும் வாங்கவில்லை.

அவர் சொன்னதை இப்போது உங்களுக்கு விளக்குகிறேன். டயரில் 205/65 R15 என்று இருந்தால், 205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம், அந்த அகலத்தில் 65 சதவீதம். R என்றால் ரேடியல், டயரின் உள்கட்டமைப்பு வகை. 15 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில். நான்கு விவரம் இருக்கிறது, ஆனால் ரிம் எவ்வளவு அகலமாக இருக்கவேண்டும் என்பது இதில் எங்குமே இல்லை. அந்த எண் ரிம்மில்தான் இருக்கும். அலாய் ரிம்மில் ஆரக்காலின் பின்பக்கம், இரும்பு ரிம்மில் பெரும்பாலும் காற்றுக் குழாய்த் துளைக்குப் பக்கத்தில், 15 x 5J, 15 x 6J என்று பொறித்திருப்பார்கள். 5, 6 என்பது இன்ச் அகலம். J என்பது விளிம்பின் வடிவத்துக்கான குறி. நம்மில் பலர் வண்டி வாங்கியதில் இருந்து அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்கவே மாட்டோம்.

சரி, அகலமான டயரைக் குறுகலான ரிம்மில் மாட்டினால் என்ன ஆகும்? அரிசி மூட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். வாயை இறுக்கிக் கட்டினால் வயிறு புடைக்கும். டயரும் அப்படித்தான். கீழே இரண்டு பீடும், அதாவது ரிம்மைப் பிடித்திருக்கும் டயரின் உள்விளிம்புகள், நெருக்கமாகப் பிடிபட்டு, பக்கச்சுவர் வெளியே பிதுங்கும். மேலே ரோட்டைத் தொடும் பரப்பு தட்டையாக இருக்க முடியாமல் நடுவில் மேடாகும். எடை முழுவதும் அந்த மேட்டில் இறங்கும். ஓரம் சும்மா கூடவே வரும். இந்த டயர் நடுவில் மட்டும் தேய்ந்த காரணம் அதுதான்.

ஸ்டீயரிங் தாமதமாக வந்ததற்கும் அதே காரணம். நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முதலில் திரும்புவது ரிம். ரிம் பக்கச்சுவரை முறுக்கும், பக்கச்சுவர் முறுகி முடித்த பிறகுதான் ரோட்டைத் தொடும் ரப்பருக்குச் செய்தி போகும். பி.எம்.டி.சி. பஸ்ஸில் நின்றுகொண்டே போயிருப்பீர்கள். இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்றால் வளைவில் உடம்பு ஆடும். காலைக் கொஞ்சம் அகட்டி வைத்தால் நிற்கும். ரிம்மின் அகலம்தான் டயர் காலை அகட்டி வைக்கும் தூரம்.

இதற்குக் கணக்கு உண்டு. ஒவ்வொரு டயர் அளவுக்கும் எந்த ரிம் அகலத்தில் இருந்து எந்த அகலம் வரை மாட்டலாம் என்று தரநிலை வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் அதை வகுக்கும் அமைப்பின் பெயர் ஈ.டி.ஆர்.டி.ஓ. டயர் கம்பெனிகளின் அட்டவணையிலும் இது இருக்கும். 185/65 R15 என்றால் 5 முதல் 6.5 இன்ச் வரை, அளந்து பார்க்க அவர்கள் எடுத்துக்கொள்ளும் ரிம், அதாவது அளவு ரிம், 5.5. 195/60 R15 என்றால் 5.5 முதல் 7 வரை, அளவு ரிம் 6. 205/55 R16 என்றால் 5.5 முதல் 7.5 வரை, அளவு ரிம் 6.5. 225/45 R17 என்றால் 7 முதல் 8.5 வரை, அளவு ரிம் 7.5. என் 205/65 R15 இருக்கிறதே, அதற்குக் குறைந்தபட்சமே 5.5. நான் ஓட்டிக்கொண்டிருந்தது 5. அதாவது அட்டவணைக்கே வெளியே.

அட்டவணை கையில் இல்லாதபோது நான் இப்படிப் பார்ப்பேன். 65, 60 சீரிஸ் டயருக்கு, அதாவது இரண்டாவது எண் 65, 60 என்று இருந்தால், டயர் அகலத்தில் முக்கால் பங்கு ரிம் அகலம் இருக்கவேண்டும். 55, 50 சீரிஸுக்கு ஐந்தில் நான்கு பங்கு. 45க்குப் போனால் இன்னும் கொஞ்சம் கூட, 85 சதவீதம். பக்கச்சுவர் உயரம் குறையக் குறைய ரிம் டயரின் அகலத்தை நெருங்கி வரவேண்டும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். டயரில் போட்டிருக்கும் 195 என்பது அந்த அளவு ரிம்மில் அளந்தது. ரிம் அரை இன்ச் கூடினால் டயரும் சுமார் 5 மில்லிமீட்டர் விரியும், குறைந்தால் அதே அளவு சுருங்கும்.

அகலமான டயர் போட்டால் ரோட்டைத் தொடும் பரப்பு அப்படியே கூடிவிடும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். ஒரு டன் வண்டி என்று வையுங்கள், ஒரு சக்கரத்துக்கு 250 கிலோ. 32 பி.எஸ்.ஐ. காற்று என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.25 கிலோ. வகுத்துப் பாருங்கள், 111 சதுர சென்டிமீட்டர் வருகிறது. ஏறக்குறைய ஓர் உள்ளங்கை. டயர் 185 ஆனாலும் 205 ஆனாலும், காற்றும் எடையும் அதே என்றால் இந்தப் பரப்பு பெரிதாக மாறாது. மாறுவது அதன் வடிவம். குறுகிய டயரில் நீளவாக்கில் இருக்கும், அகல டயரில் குறுக்குவாக்கில் இருக்கும். வளைவில் உதவுவது அந்தக் குறுக்குவாக்கு வடிவம். ஆனால் ரிம் சின்னதாகி நடுவில் மேடு விழுந்தால், அந்த நன்மையே கிடைக்காமல் போய்விடும். காசு கொடுத்து வாங்கிய அகலம் ஓரத்தில் சும்மா தொங்கும்.

மழையில் இன்னொரு சங்கடம். ஒரு ராத்திரி ஓசூர் ரோட்டில் நல்ல மழை. தேங்கிய தண்ணீரில் ஏறியபோது ஸ்டீயரிங் காற்றில் பிடித்த மாதிரி லேசாகிவிட்டது. வயிற்றில் புளியைக் கரைத்தது எனக்கு. அகலம் கூடிய டயர் கூடுதல் தண்ணீரை ஒதுக்கித் தள்ளவேண்டும். அதிலும் நடுப்பட்டன் தேய்ந்துவிட்டால் தண்ணீர் வெளியேற வழியே இல்லை. பள்ளத்துக்குள் சின்ன மேடு ஒன்று இருக்கும், அதுதான் 1.6 மில்லிமீட்டர் அடையாளம். ரப்பர் அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரை மாற்றியே ஆகவேண்டும். ஓரத்தைப் பார்த்துவிட்டு இன்னும் ஓடும் என்று முடிவு செய்யாதீர்கள், நடுவைப் பாருங்கள்.

எதிர்த் தவறும் இந்த ஊரில் நிறையவே பார்க்கிறேன். அகல ரிம்மில் குறுகிய டயரை இழுத்து மாட்டுவது. பசங்க பார்க்க அழகு என்று செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பக்கச்சுவர் சாய்ந்து விறைத்துப்போகும், ரிம்மின் விளிம்பு வெளியே தெரியும். காற்று கொஞ்சம் குறைந்த நேரத்தில் நம் பெங்களூரு பள்ளத்தில் இறங்கினால் பீட் ரிம்மை விட்டு நழுவலாம். ஓடும் வண்டியில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

விட்டத்தையும் மறக்காதீர்கள். என் பழைய டயரின் மொத்த உயரம் 621.5 மில்லிமீட்டர். 205/65 போட்டதும் 647.5 ஆகிவிட்டது. நான்கு சதவீதத்துக்கு மேல் கூடுதல். முன்பு மீட்டரில் 100 காட்டிய வேகத்தைவிட நான்கு கிலோமீட்டர் கூடுதலாக ஓடிக்கொண்டிருந்தேன். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் உள்ளே பிளாஸ்டிக்கில் உரசவும் செய்தது.

இப்போது வண்டியில் இருப்பதைக் காட்டுகிறேன். 15 x 6J அலாய், 195/60 R15 டயர். உயரம் 615 மில்லிமீட்டர், பழையதற்கு ஒரு சதவீதம்தான் குறைவு. லோட் இண்டெக்ஸ் 88, கம்பெனி டயரிலும் அதே 88தான், ஒரு டயர் 560 கிலோ தாங்கும். இந்த எண் குறையவே கூடாது. 16 இன்ச்சுக்கும் போயிருக்கலாம். 195/55 R16 போட்டால் 620.9, பழைய உயரத்தோடு கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் பக்கச்சுவர் 107 மில்லிமீட்டராகிவிடும், 195/60இல் 117 இருக்கிறது. ஹெப்பால் பக்கத்துப் பள்ளங்களில் தினமும் போகிற எனக்கு அந்த 10 மில்லிமீட்டர் வேண்டும்.

ரிம் வாங்கும்போது ஆஃப்செட் பார்க்காமல் வாங்காதீர்கள். ரிம் வண்டியில் ஒட்டும் முகம் ரிம்மின் நடுக்கோட்டில் இருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதுதான் அது. ET 45, ET 40 என்று ரிம்மிலேயே இருக்கும். அதே ஆஃப்செட்டில் 5இல் இருந்து 6 இன்ச்சுக்குப் போனால் உள்ளே 12.7, வெளியே 12.7 மில்லிமீட்டர் நீளும். உள்ளே ஷாக் அப்ஸார்பருக்கு இடம் இருக்கவேண்டும், வெளியே மட்கார்டைத் தாண்டக்கூடாது. ஆஃப்செட் எண் 5 குறைந்தால் சக்கரம் 5 மில்லிமீட்டர் வெளியே வரும். போல்ட் துளைகளின் கணக்கும், நடுத் துளையின் அளவும் அச்சாகப் பொருந்தவேண்டும்.

மாற்றிய அடுத்த வாரம் சேலம் போனேன், அம்மாவைப் பார்க்க. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவில் லேன் மாறும்போதே தெரிந்துவிட்டது. கை சொன்ன கணத்தில் வண்டி வந்தது. மறுநாள் ஏற்காடு ஏறினேன், 20 கொண்டை ஊசி வளைவும் போனேன். முன்பு ஒவ்வொரு வளைவிலும் இரண்டு தடவை ஸ்டீயரிங்கைத் திருத்துவேன். இந்தத் தடவை ஒருமுறை திருப்பிப் பிடித்தால் அப்படியே நின்றது. ரிம் மாற்றியபோது சஸ்பென்ஷனில் நான் கை வைக்கவே இல்லை.

இன்று உங்கள் வண்டியில் ஒன்று செய்து பாருங்கள். சாக்பீஸை எடுத்து டயரின் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். நேராக ஒரு ஐம்பது மீட்டர் ஓட்டி நிறுத்துங்கள். கோடு முழு அகலத்துக்கும் ஒரே மாதிரி அழிந்திருந்தால் நல்லது. நடுவில் மட்டும் அழிந்திருந்தால் முதலில் காற்றைச் சரிபாருங்கள். காற்று சரி என்றால், குனிந்து ரிம்மில் இருக்கும் எண்ணைப் படியுங்கள்.

ஸ்டெப்னி என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். பழைய 5 இன்ச் ரிம்மில் அதே 185/65 டயரோடு பின்னால் கிடக்கிறது. உயரத்தில் ஆறரை மில்லிமீட்டர் வித்தியாசம். பஞ்சர் கடை வரை மெதுவாகப் போக அது போதும், அதைப் போட்டுக்கொண்டு சேலம் வரை போகமாட்டேன். டயர் இன்னும் சூடாகவில்லை, காற்று பார்க்க இதுதான் சரியான நேரம். கேஜ் டிக்கியில் இருக்கிறது, எடுத்துவந்து நான்கு சக்கரத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறேன்.