மூன்று நாள் விருந்து

(பாரிஸ் புறநகரில் ஒரு தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் பேசியது. கேட்டவர்கள் எழுத்தில் வேண்டும் என்றார்கள். ஏறக்குறைய பேசியபடியே தருகிறேன்.)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, சங்கச் செயலாளர் அவர்களே, காலையிலிருந்து அடுப்படியை விட்டு நகராத மகளிர் அணித் தாய்மார்களே, எனக்கும் என் மனைவிக்கும் பொன்னாடை போர்த்திய பெரியவர்களே, நகரசபை சார்பில் வந்திருக்கும் துணை மேயர் அம்மையார் அவர்களே, எல்லாருக்கும் வணக்கம். அம்மையாருக்கு மட்டும் இன்னொரு வணக்கம் சொல்லவேண்டும். விழா தொடங்கியதிலிருந்து ஒரு சொல்கூடப் புரியாமல், நாம் சிரித்தால் தானும் சிரித்து, நாம் தட்டினால் தானும் தட்டி, பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார். நான் பேச வந்ததும் இப்படி உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றித்தான். அம்மையார் இன்னும் சற்று நேரத்தில் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். செப்டம்பரில் ஊரிலிருந்து படிக்க வருகிற பிள்ளைகளால் அது முடியாது.

தனிமை, காகிதம், மொழி என்று மூன்று தலைப்பில் பேசுவதாகச் செயலாளரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். பார்ப்போம்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். காரைக்காலில் எங்கள் பாட்டி இதை நாலாம் நாளும் கிளம்பாத உறவுக்காரர் காதில் விழுகிற மாதிரி சொல்வார். எல்லாருமே இதை நாலாம் நாளைப் பற்றிய பழமொழி ஆக்கிவிட்டார்கள். எனக்கு அந்த முதல் மூன்று நாள்மேல்தான் கண்.

ஒரு தம்பி கதை சொல்கிறேன். கும்பகோணத்துப் பக்கம். பாரிஸுக்குத் தெற்கே ஒர்சேயில் இயற்பியல் முதுகலை படிக்க வந்தவன். இதோ, பின்வரிசையில்தான் இருக்கிறான், பேர் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் விமானம் இறங்கி, வாடகை அறைக்கு வந்து, அப்படியே தூங்கிவிட்டான். ஞாயிறு காலை பையைத் திறந்தால் அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சாதம் ஊசிப்போய் அறையெல்லாம் நாறுகிறது. சரி, கொட்டிவிட்டு வரலாம் என்று கைலி பனியனோடு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். பின்னால் கதவு ‘டொக்’ என்று சாத்திக்கொண்டது. இங்கத்திக் கதவுதான் உங்களுக்குத் தெரியுமே, வெளிப்பக்கம் திருகினால் திரும்பாத குமிழ் மட்டும் இருக்கும். சாவி, போன், பாஸ்போர்ட், பணம் எல்லாம் உள்ளே. நடையில் விளக்கும் அணைந்துவிட்டது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தானாம், நம் ஊர்ப் பழக்கம்! சுவரைத் தடவி பொத்தானைக் கண்டுபிடித்து அழுத்துகிறான், கொஞ்ச நேரத்தில் மறுபடி அணைகிறது, மறுபடி அழுத்துகிறான். பூட்டுத் திறப்பவரின் நம்பர் கீழே ஒட்டியிருக்கிறது, கூப்பிடப் போன் இல்லை. கூப்பிட்டிருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை சில நூறு யூரோ தீட்டியிருப்பார்கள்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஒரு பிரெஞ்சுப் பாட்டி. இருட்டில் கைலியும் கையுமாய் நாறும் பொட்டலத்தோடு ஒருவன் நின்றால் யார்தான் என்ன செய்வார்கள், பட்டென்று சாத்திவிட்டார். அப்புறம் என்ன தோன்றியதோ, மறுபடி திறந்து ஏதேதோ கேட்டார். இவனுக்குப் பிரெஞ்சில் தெரிந்தது ‘மெர்சி’, அதாவது நன்றி, ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் மெர்சி, மெர்சி என்றான். பாட்டி உள்ளே போய் ஒரு பெரிய உறையைக் கொண்டுவந்து அதிலிருந்து எக்ஸ்ரே படத்தை உருவினார். முழங்கால் படம். இவன் என்ன நினைத்தான் தெரியுமா? பாவம், தன் வியாதியைச் சொல்லி அழ ஆளில்லை போலிருக்கிறது என்று நினைத்து, படத்தை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு தலையை ஆட்டினானாம். பாட்டி வெடுக்கென்று படத்தைப் பிடுங்கி, கதவுக்கும் நிலைக்கும் இடையில் செருகி, மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே முழங்காலால் கதவை ஓர் இடி இடித்தார். திறந்துகொண்டது! இடித்தது படத்தில் இருந்த காலா, மற்றக் காலா என்று இன்றுவரை தெரியாது. (இங்கே வெகுநாள் இருப்பவர்களுக்கு இந்த வித்தை தெரியும். சாவி போட்டுப் பூட்டாமல் வெறுமனே சாத்திக்கொண்ட கதவு எக்ஸ்ரே தகட்டுக்குத் திறக்கும்.)

சிரித்துவிட்டோம். ஆனால் அதற்கப்புறம் அன்று முழுக்க அவனோடு பேச ஒரு ஆள் இல்லை. பக்கத்துக் கடைகள் மூடியிருந்தன. அம்மாவிடம் போனில் “சாப்பிட்டேன்” என்றான். சாப்பிட்டது விமானத்தில் கொடுத்த பிஸ்கட்.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று. அவன் விமான நிலையத்தில் ஏறிய ஆர்.இ.ஆர் பி என்கிற புறநகர் ரயில், பாரிஸின் வடக்கு ரயில் நிலையமான கார் து நோரில் நின்றுதான் ஒர்சேக்குப் போகிறது. கார் து நோரில் இறங்கிச் சற்று நடந்தால் நம் தமிழ்க் கடைத்தெரு லாச்சப்பல். தோசை இருக்கிறது, மாணிக்க விநாயகர் கோயில் இருக்கிறது, தமிழில் திட்டுவதற்கும் ஆள் இருக்கிறது. நம் காலடியில் வந்து நின்று, நம்மைத் தெரியாமலே அந்தப் பிள்ளை போய்விட்டது.

நாம் அப்படியா வந்தோம்? புதுச்சேரியையும் காரைக்காலையும் பிரான்ஸ் இந்தியாவுக்குக் கொடுத்த ஒப்பந்தம் 1962இல் நடைமுறைக்கு வந்தபின் பிரெஞ்சுக் குடியுரிமையோடு வந்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு மாமனோ சித்தப்பனோ யாரோ இருந்தார்கள். 1983க்குப் பிறகு வந்த ஈழத்துச் சொந்தங்கள் ஓர் அறையில் பத்துப் பேர் முறைவைத்துப் படுத்து, பதினோராவது ஆளுக்கும் பாய் போட்டார்கள். அந்தப் பெரியவர்கள் சிலர் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இப்போது வருகிற மாணவனை அழைத்தது உறவல்ல, பல்கலைக்கழகத்தின் மின்னஞ்சல். அது ரயில் மேடையில் வந்து நிற்காது.

காகிதம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வங்கிக் கணக்குக்கு முகவரி கேட்பார்கள், வீட்டுக்காரர் வங்கிக் கணக்கும் ஜாமீன்தாரரும் கேட்பார். ஜாமீனுக்கு விசால் என்று இலவச ஏற்பாடு இருக்கிறது, இணையத்தில் விண்ணப்பிக்கலாம். நீண்ட நாள் மாணவர் விசாவை வந்த மூன்று மாதத்துக்குள் இணையத்திலேயே பதிந்துவிடவேண்டும். சில இடங்களில் பிறப்புச் சான்றிதழைப் பிரெஞ்சில் பெயர்த்துக் கேட்பார்கள். இதெல்லாம் நமக்குத் தண்ணீர் பட்ட பாடு, புதுப் பிள்ளைக்குத் தூக்கம் போகிற விஷயம். ஒரு வேளைச் சோற்றோடு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தால் முடிந்தது.

அதனால் நான் கேட்பது, பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுச் சலிக்கவைப்பது, இதுதான்: விருந்தும் மருந்தும் மூன்று நாள். ஒரு குடும்பம், ஒரு மாணவர், மூன்று நாள். கார் து நோர் மேடையில் ஓர் ஆள், வீட்டில் ஒரு மெத்தை, முதல் ஞாயிற்றுக்கிழமைச் சோறு. நாலாம் நாள் போகச் சொல்லுங்கள், என் பாட்டி கோபித்துக்கொள்ளமாட்டார்.

ஆள் பிடிப்பது எப்படி என்று தலைவர் ஐயா போனமுறை கேட்டார். விநாயகர் தேர் வருவது ஆகஸ்டு கடைசியிலோ செப்டம்பரிலோ, பிள்ளைகள் வந்திறங்கும் அதே சமயம். தேங்காய் உடைக்க அன்று தெருவெல்லாம் கூட்டம். மோர் கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசையும் ஒரு நோட்டும் போடச் சங்கம் இன்றே தீர்மானம் போடவேண்டும். துணை மேயர் அம்மையாரிடம் ஒரு சிறு விண்ணப்பம், பிரெஞ்சில் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன், இறங்கியதும் தருகிறேன்: நகரசபைக் கூடத்தை செப்டம்பர் ஞாயிறுகளில் பகல் நேரம் மட்டும் நமக்குத் திறந்துவிட்டால் போதும், சமையல் எங்கள் செலவு.

மொழியைப் பற்றிப் பேச வாக்குக் கொடுத்தேன். செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார், அடுத்து பரதநாட்டியக் குழந்தைகள் சலங்கை கட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள். இன்னொரு மேடையில் பார்க்கலாம்.

நோட்டு வடை மேசையில் இருக்கிறது. பேர், போன் நம்பர், எந்த ரயில் நிலையத்துக்குப் பக்கம், வீட்டில் சைவமா அசைவமா, அவ்வளவுதான் எழுதவேண்டும். பி லைனில் இருப்பவர்கள் முதலில் எழுதுங்கள். எழுதிவிட்டு வடை எடுத்துக்கொள்ளலாம், மகளிர் அணியிடம் சொல்லிவைத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.