பழைய சிங்கிள் சிலிண்டர் டிரெயில் பைக்கை தினமும் ஓட்டலாமா?

அடுத்த கேள்விக்குப் போவோம். இதே சந்தேகம் நிறைய பேருக்கு இருக்கு, அதனால கொஞ்சம் நேரம் எடுத்தே சொல்றேன். கேள்வியைப் படிக்கிறேன்: "அண்ணா, ஒரு பழைய சிங்கிள் சிலிண்டர் டிரெயில் பைக் பார்த்து வச்சிருக்கேன். 40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. என்ஜின்ல டிக் டிக்னு சத்தம் வருது. சிங்கிள் தினசரி ஓட்டத்துக்குத் தாங்காதுன்னு நண்பர்கள் சொல்றாங்க. வேலைக்குப் போய்வர இதையே வாங்கலாமா? சீட்டும் உயரமா இருக்கு, கால் முழுசா ஊனல."

தம்பி, வாங்கலாம். சிங்கிள்னா ஒரே சிலிண்டர் வச்ச என்ஜின், டிரெயில் பைக்னா ரோடு, மண் பாதை ரெண்டுலயும் ஓட்டுற வண்டி. தினமும் ஓட்டுறதால சிங்கிள் கெட்டுப்போறதே இல்லை. உள்ளே புகுற தூசியும் பார்க்காம விட்ட ஆயிலும்தான் அதைக் கொல்லும். 40,000 ஓடின வண்டியா, 15,000 ஓடின வண்டியான்னு கேக்கிறதுக்கு முன்னாடி, அதை வச்சிருந்தவர் ஏர் ஃபில்டரைக் கழுவினாரா, ஆயில் அளவைப் பார்த்தாரான்னுதான் கேக்கணும். மீட்டர் அதைச் சொல்லாது. ஆனா வண்டி சொல்லும், எங்கே பார்க்கணும்னு தெரிஞ்சா போதும்.

முதல்ல அந்த "தாங்காது" பேச்சை முடிச்சிடலாம். யமஹா எக்ஸ்டி500, 1976-ல வந்த 500 சிசி சிங்கிள். 1979-ல முதல் பாரிஸ்–டக்கார் ராலியை மோட்டார் சைக்கிள்ல ஜெயிச்சது அதுதான். கவாஸாகி கேஎல்ஆர்650, 1987-ல வந்தது, அடிப்படை என்ஜின் பெருசா மாறாமலே 2018 வரைக்கும் போச்சு. சுஸுகி டிஆர்650, 1996-ல வந்த அதே காற்றும் ஆயிலும் ஆத்துற என்ஜினோட பல வருஷம் வித்தது. இதுல எல்லாம் மூட்டை கட்டிக்கிட்டு கண்டம் தாண்டினவங்க உண்டு. தாங்காத என்ஜினை யாரும் முப்பது வருஷம் மாத்தாம விக்க மாட்டாங்க.

ஆனா ஒரு விஷயத்தை மட்டும் உறுதி பண்ணிக்கோங்க. நீங்க பார்த்திருக்கிறது ரோட்டுக்காகவும் செஞ்ச டிரெயில் பைக்கா, இல்ல போட்டிக்குன்னே செஞ்ச எண்டியூரோ பைக்கா? பார்க்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், சில எண்டியூரோவுக்கு நம்பர் பிளேட்டும் ஹெட்லைட்டும்கூட இருக்கும். போட்டி பைக்குக்கு சர்வீஸ் கணக்கு கிலோமீட்டர்ல இருக்காது, மணிக்கணக்குல இருக்கும். இத்தனை மணி நேரத்துக்கு ஆயில், இத்தனை மணி நேரத்துக்கு பிஸ்டன்னு மேனுவல்லயே போட்டிருப்பாங்க. தினம் ஒரு மணி நேரம் வேலைக்குப் போய்வந்தா அந்தக் கணக்கு எவ்வளவு சீக்கிரம் தீரும்னு நினைச்சுப் பாருங்க. அந்த மாதிரி வண்டின்னா வேண்டாம், விட்டுடுங்க. மேனுவல்ல சர்வீஸ் கிலோமீட்டர்ல போட்டிருந்தா மேல பேசலாம்.

சரி, சத்தம். "டிக் டிக்"னு மேல ஹெட்ல இருந்து லேசா வருதுன்னா, பெரும்பாலும் டேப்பெட். ராக்கர்ங்கிற கை வால்வை அமுக்குற இடம் அது, ரெண்டுக்கும் நடுவுல ஒரு சின்ன இடைவெளி விட்டிருப்பாங்க. ராக்கர்ல ஸ்க்ரூவும் லாக் நட்டும் வச்ச என்ஜின்ல கொஞ்சம் சத்தம் இருக்கத்தான் செய்யும். இங்கேதான் நிறைய பேர் தலைகீழா புரிஞ்சு வச்சிருக்காங்க. சத்தமே இல்லாத என்ஜின் நல்ல என்ஜின்னு நினைக்கிறாங்க. உண்மையில சத்தம் போடுற டேப்பெட்டைவிட சத்தம் போடாத டேப்பெட்டுக்குத்தான் பயப்படணும். வால்வு உட்கார்ற சீட் நாளாக ஆகத் தேயும். தேயத் தேய வால்வு மேல ஏறும், இடைவெளி குறையும். இடைவெளி போயிட்டா வால்வு முழுசா மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை இறக்கி வைக்கிறதே மூடி இருக்கும்போது சீட் வழியாத்தான். மூடலைன்னா சூடு போக வழியில்லை, விளிம்பு கருகிடும். அதுவரைக்கும் ஒரு சத்தமும் வராது. காலையில ஸ்டார்ட் ஆக மக்கர் பண்ணும், ஐட்லிங் நிக்காது, அவ்வளவுதான் அறிகுறி. அதனால வாங்கின உடனே, என்ஜின் முழுசா குளிர்ந்திருக்கும்போது, கம்ப்ரஷன்ல பிஸ்டன் உச்சியில இருக்கிற மாதிரி வச்சு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிய தகடு) போட்டு அளந்துடுங்க. சூடான என்ஜின்ல அளந்தா அந்த அளவுக்கு அர்த்தமே இல்லை.

அதே சத்தம் கீழே கிராங்க் கேஸ்ல இருந்து, கனமா "டொக் டொக்"னு வந்து, ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது கூடுதுன்னா அது வேற கதை. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கனெக்டிங் ராடோட பெரிய முனை பேரிங் போயிருக்கலாம். என்ஜினை முழுசா பிரிக்கிற வேலை. விலை எவ்வளவு குறைச்சாலும் நான் வாங்க மாட்டேன்.

இப்போ நேர்ல போய்ப் பார்க்கும்போது. "நான் வர்றதுக்கு முன்னாடி வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு சொல்லி வச்சிட்டுப் போங்க. போனதும் என்ஜின்ல கை வச்சுப் பாருங்க, ஜில்லுன்னு இருக்கணும். சூடா இருந்தா இன்னொரு நாள் வர்றேன்னு கிளம்பிடுங்க. குளிர்ந்த என்ஜின்தான் உண்மை பேசும். ஸ்டார்ட் ஆனதும் ஒரு கொத்து நீலப்புகை வந்து நின்னுட்டா வால்வு சீல் தேய்ஞ்சிருக்கு, அது சமாளிக்கிற வேலை. ஆக்சிலரேட்டர் முறுக்க முறுக்க நீலப்புகை தொடர்ந்து வந்தா ரிங், சிலிண்டர் பக்கம் கோளாறு. குளிர்ல வெள்ளையா வந்து மறையறது வெறும் தண்ணி ஆவி, அதுக்குப் பயப்பட வேண்டாம்.

அடுத்தது நான் எந்த டிரெயில் பைக்லயும் விடாம பார்க்கிற இடம். ஏர் ஃபில்டர் மூடியைக் கழட்டச் சொல்லுங்க. ஃபில்டரை வெளியே எடுத்துட்டு, அதுக்குப் பின்னால என்ஜினுக்குப் போற ரப்பர் குழாய்க்குள்ள ஒரு வெள்ளைத் துணியைச் சுத்தின விரலை விட்டுத் துடைங்க. துணி சுத்தமா வந்தா, இல்ல லேசா எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் வந்தா, அந்த ஓனரை நம்பலாம். பழுப்பா சேறு மாதிரி ஒட்டி, விரல் ரெண்டையும் சேர்த்துத் தேய்ச்சா நறநறன்னு இருந்தா, அந்தத் தூசி அங்கேயே நின்னுடல தம்பி, உள்ளேயும் போயிருக்கு. ஆயிலோட சேர்ந்து வால்வு தேய்க்கிற பேஸ்ட் மாதிரி சிலிண்டரையும் ரிங்கையும் தேய்ச்சிருக்கும். 8,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்குன்னு சொன்னாலும் எனக்கு அந்த வண்டி வேண்டாம். ஃபோம் ஃபில்டரா இருந்தா அதையும் அழுத்திப் பாருங்க. பழைய ஃபோம் தூள் தூளா உதிரும், அந்தத் தூளும் என்ஜினுக்குத்தான் போகும். நல்ல ஃபோம்ல ஃபில்டர் ஆயில் பிசுபிசுன்னு இருக்கணும். காய்ஞ்ச ஃபோம் தூசியைப் பிடிக்காது.

மத்ததை சீக்கிரமா சொல்லிடறேன். முன் சக்கரத்தைத் தூக்கி வச்சு ஹேண்டில் பாரை மெதுவா திருப்புங்க, நேரா வர்ற இடத்துல "டக்"னு சிக்கினா கோன்செட் (ஹேண்டில் திரும்புற பேரிங்) மாத்தணும். பின்பக்கம் சீட்டுக்குக் கீழ பிடிச்சு மேலும் கீழும் தூக்குங்க, ஆட்டம் தெரிஞ்சா, பின் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற ஸ்விங் ஆர்ம், அதை ஷாக் அப்சார்பரோட இணைக்கிற லிங்கேஜ், இதுல ஏதோ ஒரு பேரிங் தேய்ஞ்சிருக்குன்னு அர்த்தம். பிரஷர் தண்ணி அடிச்சே அந்த பேரிங்கெல்லாம் போகும். ஸ்போக் ஒவ்வொண்ணையும் ஸ்பானரால தட்டுங்க. இறுக்கமா இருக்கிறது "டிங்"னு பாடும், லூஸா இருக்கிறது மொத்தையா கேக்கும். மல்டிமீட்டர் இருந்தா பேட்டரியில வச்சு என்ஜினை முடுக்கிப் பாருங்க, 13.5-ல இருந்து 14.5 வோல்ட்டுக்குள்ள நிக்கணும். இன்னொண்ணு, ஒவ்வொரு மாடலுக்கும் தெரிஞ்ச வியாதி ஒண்ணு இருக்கும். கேஎல்ஆர்650-ல அதிர்வைக் குறைக்கிற பேலன்ஸரோட செயினை இறுக்குற லீவர் உடையறது, டிஆர்650-ல நியூட்ரல் சுவிட்சைப் பிடிச்சிருக்கிற ரெண்டு சின்ன ஸ்க்ரூ கழண்டு என்ஜினுக்குள்ள விழறது. உங்க மாடலுக்கு என்னன்னு விசாரிச்சு, அதைச் சரி பண்ணியாச்சான்னு கேளுங்க. அந்தப் பேரைச் சொன்னதும் ஓனர் புரிஞ்சு பதில் சொன்னா, அதுவே நல்ல அடையாளம்.

வாங்கியாச்சுன்னு வச்சுக்குவோம். தினசரி ஓட்டத்துக்கு வருவோம்.

ஆயில். சிங்கிள் என்ஜின்ல ஆயில் கொஞ்சம்தான் இருக்கும். பெரும்பாலும் ஒண்ணுல இருந்து ரெண்டரை லிட்டருக்குள்ள. அதுல அரை லிட்டர் எரிஞ்சு போனாலே பெரிய பங்கு போயிடுச்சு. மிச்சம் இருக்கிற ஆயில் அதிகமா சுத்தும், அதிகமா சூடாகும், சீக்கிரம் நீர்த்துப் போகும். சர்வீஸுக்கு சர்வீஸ் மட்டும் பார்த்தா இதுல போதாது. பெட்ரோல் போடுற போதெல்லாம் பார்க்கணும். பார்க்கிறதுலயும் ஒரு முறை இருக்கு. வண்டி நிமிர்ந்து நிக்கணும், சைடு ஸ்டாண்டுல சாய்ச்சு வச்சுப் பார்த்தா அளவு தப்பும். ஹோண்டா எக்ஸ்ஆர்650எல், சுஸுகி டிஆர்-இஸட்400 மாதிரி சிலதுல ஆயில் ஃப்ரேமுக்குள்ள இருக்கும். ராத்திரி நிறுத்தி வச்சா அது கீழே இறங்கிடும், காலையில பார்த்தா ஆயிலே இல்லாத மாதிரி காட்டும். அதைப் பார்த்து பயந்து ஊத்தினா அளவுக்கு மேல போயிடும். அந்த வண்டியில கொஞ்ச தூரம் ஓட்டி சூடாக்கிட்டுத்தான் பார்க்கணும். ஆயில் வாங்கும்போது டப்பாவுல ஜாஸோ எம்ஏ இல்ல எம்ஏ2-ன்னு (பைக் ஆயிலுக்கான தர முத்திரை) இருக்கான்னு பாருங்க. இதுல கிளட்ச் ஆயில்லயே முங்கி இருக்கு, வழுக்கலுக்குன்னு மருந்து சேர்த்த கார் ஆயிலை ஊத்தினா கிளட்ச் ஸ்லிப் ஆகும்.

உங்க வேலை ரெண்டு மூணு கிலோமீட்டர் தூரத்துலதான்னா ஒரு எச்சரிக்கை. என்ஜின் சூடாகுறதுக்குள்ள நிறுத்திடுவீங்க. உள்ளே சேர்ற தண்ணியும் பெட்ரோலும் ஆவியாகாம ஆயில்லயே தங்கும். ஆயில் மூடியைத் திறந்தா உள்பக்கம் மோர் நிறத்துல பிசுக்கு ஒட்டியிருக்கும். வாரத்துல ஒருநாள் அரைமணி நேரம் நிக்காம ஓட்டுங்க, ஆயிலையும் சொன்ன தூரத்துக்கு முன்னாடியே மாத்துங்க.

ஓட்டுற பழக்கம் ஒண்ணு சொல்லணும், இது எனக்கு ரொம்ப முக்கியமா படுது. நாலு ஸ்ட்ரோக் சிங்கிள்ல கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினாத்தான் ஒரு தடவை வெடிக்கும். 2,000 ஆர்பிஎம்-ல நிமிஷத்துக்கு 1,000 வெடிப்பு. ஒரு வெடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவுல செயின் தளருது, அடுத்ததுல விறைக்குது. டிராஃபிக்ல மைலேஜ் கிடைக்கும்னு டாப் கியர்லயே விட்டு உருட்டினா, வண்டி முன்னும் பின்னும் வெட்டி வெட்டி இழுக்கும். அந்த ஒவ்வொரு வெட்டும் செயின், ஸ்ப்ராக்கெட், கியர் பல், கிராங்க் பேரிங்னு எல்லாத்துலயும் அடி. கியரைக் குறைங்க. சிங்கிளுக்கு கொஞ்சம் சுத்துறதுல ஒரு கஷ்டமும் இல்லை, திணறுறதுதான் கஷ்டம்.

செயினைப் பத்தி சொன்னதால இதையும் சேர்த்துக்கோங்க. ரோடு பைக் பழக்கத்துல டிரெயில் பைக் செயினை டைட்டா வச்சுடாதீங்க. இதுல பின் சஸ்பென்ஷன் நிறைய இறங்கும். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் பிவட், பின் ஆக்சில் மூணும் ஒரே நேர்கோட்டுல வரும்போதுதான் செயினுக்கு இழுப்பு அதிகம். நிறுத்தி வச்சிருக்கும்போது சரியான இறுக்கம்னு தோணுற செயின், பள்ளத்துல இறங்கும்போது கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங்கைப் பிடுங்கும். மேனுவல்ல போட்டிருக்கிற தளர்வைக் கொடுங்க, பார்க்க தொங்குற மாதிரி இருந்தாலும் பரவாயில்லை.

டயர். பெரிய கட்டை வச்ச ஆஃப்ரோடு டயரோட வந்திருந்தா, தினமும் தார் ரோட்டுல ஓட்ட அது வேண்டாம். ரோட்டைத் தொடுற ரப்பர் கம்மி, மழையில பிரேக் பிடிச்சா பயமா இருக்கும், சீக்கிரம் தேயவும் செய்யும். ரோடும் மண்ணும் சேர்ந்த டயர் போடுங்க. முன்னாடி 21 இஞ்ச் ஒல்லிச் சக்கரம், ஃபோர்க்கும் நீளம். பிரேக்கைப் பிடிச்சதும் முன்பக்கம் நல்லா குனியும். லீவரை ஒரேயடியா அமுக்காம, முதல்ல லேசா பிடிச்சு எடை முன்னாடி வந்ததும் அழுத்துங்க. ரெண்டு மூணு நாள்ல கை பழகிடும்.

கடைசியா சீட் உயரம். கால் ரெண்டும் தரையில சப்பையா ஊனணும்னு அவசியமே இல்லை. சிக்னல்ல நிக்கும்போது இடுப்பை ஒரு பக்கம் கொஞ்சம் நகர்த்தி, ஒரு காலை நல்லா ஊனுங்க, இன்னொரு கால் பிரேக் பெடல் மேல இருக்கட்டும். டிரெயில் பைக் ஓட்டுற குட்டையானவங்க எல்லாரும் இப்படித்தான் நிப்பாங்க. லிங்கேஜ் மாத்தி வண்டியை இறக்கலாம்னு உடனே கிளம்பாதீங்க. இறக்கினா சைடு ஸ்டாண்டு நீளமாயிடும், வண்டி நேரா நின்னு லேசா தட்டினாலே ஸ்டாண்டு இல்லாத பக்கம் சாயும். ஸ்டாண்டையும் வெட்டணும், முன் ஃபோர்க்கையும் அதுக்கேத்த மாதிரி இறக்கணும். முதல்ல நீங்க ஏறி உட்காரும்போது பின்பக்கம் எவ்வளவு இறங்குதுன்னு அளந்து பாருங்க. முன்ன ஓட்டினவர் கனமானவரா இருந்தா ஸ்பிரிங்கை இறுக்கி வச்சிருப்பார். அந்த அட்ஜஸ்டரை உங்க எடைக்கு ஏத்த மாதிரி தளர்த்தினாலே ஒரு விரல் அளவு உயரம் குறையும். அப்புறமும் எட்டலைன்னா சீட் ஃபோமைச் சீவுங்க, லிங்கேஜ்ல கை வைக்காதீங்க.