மொட்டை மரத்தின் பக்கம் நின்று பேசுகிறேன்

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேராக வழக்குக்கு வருகிறேன்.

"ஊர் நடுவே நிற்கும் கிறிஸ்துமஸ் மரத்துக்குப் பெருமை அலங்காரத்தாலா, நன்றியாலா?" என்பது தலைப்பு. நன்றியால்தான் என்பது எங்கள் கட்சி. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி என்ன சொன்னார்? "நியூயார்க் ராக்ஃபெல்லர் மரத்துக்கு 50,000 விளக்கு, உச்சியில் 30 லட்சம் படிகக் கல் பதித்த நட்சத்திரம். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்து மரமோ, தேய்ந்த துடைப்பத்தை நட்டு வைத்த மாதிரி" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். அந்தத் துடைப்பம் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தட்டியிருக்கலாம்!

நான் சொல்கிறேன். 1940 ஏப்ரலில் ஹிட்லரின் படை நார்வேக்குள் நுழைந்தது. இரண்டு மாதம் காடும் பனியுமாக அலைந்து, ஜூன் மாதம் மன்னர் ஏழாம் ஹாகோன் கப்பலேறினார். அடைக்கலம் கொடுத்தது லண்டன். அடுத்த சில மாதத்தில் அந்த லண்டன் மேலேயே குண்டு விழத் தொடங்கியது. தன் கூரை எரியும்போது அடுத்தவனுக்குத் திண்ணை கொடுத்த ஊர் ஐயா! போர் முடிந்ததும் நார்வே அதை மறக்கவில்லை. 1947 முதல் வருடா வருடம் ஆஸ்லோ நகரம் ஒரு மரம் அனுப்புகிறது. ஐம்பது, அறுபது வருடம் காட்டில் வளர்ந்த மரம், இருபது மீட்டருக்கு மேல் உயரம். நவம்பரில் வெட்டி, கடல் கடந்து கொண்டுவருகிறார்கள். 1940 முதல் 1945 வரை செய்த உதவிக்கு லண்டன் மக்களுக்கு நார்வேயின் நன்றி என்று அடியிலே பலகையும் வைக்கிறார்கள். 2021இல் வந்த மரத்தில் கிளை குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். இணையத்தில் ஊரே சிரித்தது. அம்மா ஊரிலிருந்து ஏழு மணி நேரம் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த முறுக்கு உடைந்திருந்தால், தம்பி, நீங்கள் அதைக் குப்பையிலா போடுவீர்கள்?

அந்த ராக்ஃபெல்லர் மரத்தையும் எதிரணிக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அதன் பிறப்பு 1931, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலம். அங்கே ராக்ஃபெல்லர் மையம் என்ற கட்டடத் தொகுதியில் கட்டட வேலை கிடைத்தவர்கள் தாங்களே இருபது அடி மரம் ஒன்றை நட்டார்கள். வீட்டில் கோத்த பழச்சரமும் காகித மாலையும்தான் அலங்காரம். அந்த மரத்தடியில் வரிசையில் நின்று கூலி வாங்கினார்கள். வேலை கிடைத்த நிம்மதியில் நட்ட மரம் அது. படிகக் கல் எல்லாம் பிறகு வந்தது.

இப்போது அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து மரம். இதைச் சொல்லத்தான் இந்த மேடை ஏறினேன்.

1917 டிசம்பர் 6, கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகம். மான்ட் பிளாங்க் என்ற பிரெஞ்சுக் கப்பல், வயிறு முழுக்க வெடிமருந்து. இமோ என்ற இன்னொரு கப்பல் மோதுகிறது. தீப்பிடிக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று ஊருக்குத் தெரியாது. பக்கத்து ரயில் நிலையத்தில் வின்ஸ் கோல்மன் என்ற தந்தி ஊழியருக்குச் செய்தி வருகிறது: ஓடிவிடு, வெடிக்கப் போகிறது. கோல்மன் கிளம்பிவிட்டார். கவனியுங்கள், கிளம்பிவிட்டார்! உயிர் பிழைக்க வழி திறந்திருக்கிறது. அப்போதுதான் நினைவு வருகிறது, முன்னூறு பேரோடு ஒரு ரயில் வந்துகொண்டிருக்கிறதே! திரும்பினார். மறுபடி சொல்கிறேன், வெளியே போன மனிதர் திரும்பி உள்ளே வந்தார். உட்கார்ந்து தந்தி அடித்தார். ரயிலை நிறுத்துங்கள், வெடிமருந்துக் கப்பல் எரிகிறது, இதுதான் என் கடைசிச் செய்தியாக இருக்கும் என்று அடித்து விடைபெற்றார். நாம் வீட்டைவிட்டு இறங்கும்போது "போறேன்" என்று சொல்லமாட்டோம், "போய்ட்டு வரேன்" என்போம். வரமாட்டோம் என்று தெரிந்தே விடைபெற்ற மனிதர் அவர்.

காலை 9 மணி 4 நிமிடத்துக்குக் கப்பல் வெடித்தது. ஏறக்குறைய 2,000 பேர் இறந்தார்கள், 9,000 பேர் காயப்பட்டார்கள். கோல்மன் தந்தி மேசையில் இருந்தபடியே போனார். அன்று இரவே பாஸ்டனிலிருந்து மருத்துவர்கள், நர்சுகள், மருந்து, போர்வை ஏற்றிய ரயில் புறப்பட்டது. யாரும் எழுதிக் கேட்கவில்லை, கேட்கத் தந்திக் கம்பியும் ஒழுங்காக இல்லை. வழியில் பனிப்புயல். தண்டவாளத்தில் பனியை வெட்டி வெட்டி, 8ஆம் தேதி காலை வந்து சேர்ந்தது. அடுத்த வருடம் டிசம்பரில் ஹாலிஃபாக்ஸ் பாஸ்டனுக்கு ஒரு மரம் அனுப்பியது. 1971இல் ஹாலிஃபாக்ஸ் இருக்கும் நோவா ஸ்கோஷியா மாகாணத்து மர விவசாயிகள் அதை மறுபடி தொடங்கினார்கள். இன்றுவரை நோவா ஸ்கோஷியாவிலிருந்து வருடம் தவறாமல் பாஸ்டனுக்கு மரம் போகிறது.

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள். ஒரே ஒரு நிமிடம்.

அன்று காலை கப்பல் எரிவதை வேடிக்கை பார்க்க ஊரே ஜன்னல் ஓரம் நின்றது. குழந்தைகள் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். வெடித்தபோது அத்தனை கண்ணாடியும் கண்ணுக்குள் போனது. ஆயிரக்கணக்கில் கண் காயம். சிலருக்குப் பார்வை திரும்பவே இல்லை. மருத்துவர்கள் இரவு பகலாகக் கண் அறுவை செய்தார்கள்.

1918 டிசம்பரில் பாஸ்டனுக்கு மரம் போனபோது, அந்தப் பிள்ளைகளும் அந்த ஊரில்தான் இருந்தார்கள். அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் மரம் என்றால் கையில் குத்துகிற ஊசி இலை, மூக்கில் ஏறுகிற பிசின் வாசனை, அவ்வளவுதான். தம்பி, அந்தப் பிள்ளை பக்கத்தில் போய் உட்கார்ந்து, இந்த மரத்துக்கு எத்தனை விளக்கு என்று உங்களால் சொல்ல முடியுமா?

வணக்கம்.